குடும்பத்தோடு நாடு மாறி வாழ்ந்து வரியைக் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த விஷயத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசுபவர்களில் பெரும்பாலோர் தனி ஆட்கள். ஒரு லேப்டாப், ஒரு பை, மூன்று மாதத்துக்கு ஒரு நாடு என்று ஓடுகிறவர்கள். மனைவி, பிள்ளைகள் என்று இருப்பவர் அதே வழியில் போக நினைத்தால் கணக்கே மாறிவிடும். கீழே இருப்பவை குடும்பஸ்தர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள். ஒவ்வொருவர் நிலைமையும் வேறு, சட்டங்களும் ஆண்டுதோறும் மாறுகின்றன. எனவே இதைப் படித்த கையோடு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

இது சட்டப்படி சரிதானா?

வரி குறைவான நாட்டுக்குக் குடிபெயர்ந்து, உண்மையிலேயே அங்கே வாழ்வதில் எந்தத் தவறும் இல்லை. ஓர் இடத்தில் வாழ்ந்துகொண்டு இன்னோர் இடத்தில் வாழ்வதாகக் காகிதத்தில் காட்டுவதுதான் குற்றம். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் 1990களின் தொடக்கத்தில் வருமான வரி இல்லாத மொனாகோவில் குடியிருப்பதாகச் சொல்லிவந்தார். அவர் உண்மையில் வாழ்ந்தது மியூனிக்கில் என்று ஜெர்மன் நீதிமன்றம் முடிவு செய்தது. 2002இல் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. 5 லட்சம் யூரோவும் கட்ட வேண்டியிருந்தது. மியூனிக்கில் அவர் வைத்திருந்தது மாளிகைகூட இல்லை, சகோதரியின் வீட்டு மாடியறைதான்.

எந்த நாட்டிலும் 183 நாள் தங்கவில்லை. அப்படியானால் எங்கும் வரி கட்ட வேண்டாம்தானே?

183 என்ற எண் பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டினால் நீங்கள் கட்டாயம் எங்கள் ஆள் என்பதுதான் அதன் பொருள். தாண்டாதவரை விட்டுவிடுகிறோம் என்று பெரும்பாலான சட்டங்கள் வாக்குக் கொடுக்கவில்லை.

ஜெர்மனியில் சாவி உங்கள் கையில் இருந்து, நினைத்தபோது போய்த் தங்கக்கூடிய வீடு ஒன்று இருந்தாலே வரிக் குடியிருப்பு (அந்த நாட்டுக்கு வரி கட்ட வேண்டிய குடியிருப்பாளர் என்ற நிலை) வந்துவிடும், நாள்கணக்கு இரண்டாம்பட்சம். பிரான்சில் உங்கள் குடும்பம் வழக்கமாக வசிக்கும் வீடு அங்கே இருப்பதே போதும். அமெரிக்கா மூன்று ஆண்டுகளைச் சேர்த்து எண்ணும்: இந்த ஆண்டின் நாள்கள் முழுதாக, போன ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு. ஆண்டுக்கு 122 நாள் வீதம் மூன்று ஆண்டு போய்வந்தால் கூட்டுத்தொகை 183ஐத் தொட்டுவிடும். வேறொரு நாட்டோடுதான் நெருக்கமான தொடர்பு என்று படிவம் கொடுத்து இதிலிருந்து விலக வழி உண்டு. ஆனால் அதற்கும் 'வேறொரு நாடு' என்று சுட்டிக்காட்ட ஒன்று வேண்டும்.

பிரிட்டன் 2013இலிருந்து இதை ஒரு பட்டியலாகவே போட்டுவிட்டது. குடும்பம், தங்குமிடம், வேலை, முந்தைய இரு ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் 90 நாளுக்கு மேல் தங்கியது, வேறெந்த நாட்டையும்விட அங்கேயே அதிகம் இருப்பது என ஐந்து பிணைப்புகள். அண்மையில் வரை அங்கே வசித்தவருக்கு இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தால் 120 நாள் வரை தங்கலாம். இரண்டு இருந்தால் 90. மூன்று என்றால் 45. நான்கு என்றால் 15 நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நாடோடி வரிக்கணக்கை நம்புகிறவர்கள் மறக்கும் இன்னொரு பக்கம் உண்டு. 'எங்குமே குடியிருப்பாளன் இல்லை' என்ற நிலையை நாடுகளுக்குப் பிடிப்பதில்லை. இந்தியாவின் 2020 நிதிச் சட்டப்படி, இந்தியாவிலிருந்து வரும் வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டும் இந்தியக் குடிமகன் வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவராக இருந்தால், ஒரு நாள்கூட இந்தியாவில் தங்காவிட்டாலும் இந்தியக் குடியிருப்பாளராகவே கருதப்படுவார். அவருடைய உலக வருமானம் முழுவதற்கும் வரி வந்துவிடாது என்பது ஆறுதல்; இந்தியாவிலிருந்து நடத்தப்படும் தொழிலில் வெளிநாட்டில் ஈட்டியதற்கு வரும்.

என் கருத்து இது: பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 'எங்கும் இல்லை' என்பது உடையும் ஏற்பாடு. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து அங்கே முழு மனதோடு குடியேறி, மற்ற நாடுகளுக்கு விருந்தாளியாகப் போய்வருவதே நிற்கும்.

மனைவியும் பிள்ளைகளும் ஒரு நாட்டில் இருக்கட்டும், நான் மட்டும் வரியில்லாத நாட்டில் இருந்துகொள்கிறேன். சரிவருமா?

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்.

ராபர்ட் கெய்ன்ஸ்-கூப்பர் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர் 1976இல் சீஷெல்ஸ் தீவுகளில் குடியேறினார். அங்கே வீடு, தொழில், நண்பர்கள் எல்லாம் உண்டு. பிரிட்டனில் சராசரியாக ஆண்டுக்கு 91 நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். அன்றைய வரித்துறைக் கையேட்டில் இருந்த எண் அது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் ஒரு வீடு இருந்தது. பிற்காலத்தில் மனைவியும் மகனும் அங்கேதான் இருந்தார்கள். பிரிட்டனோடு இருந்த பிணைப்பை நீங்கள் அறுக்கவேயில்லை, எனவே நாள்களை எண்ணிப் பயனில்லை என்றது வரித்துறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011இல் அவர் தோற்றார்.

ஸ்பெயின் இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. சட்டப்படி பிரியாத வாழ்க்கைத்துணையும் வயதுவராத பிள்ளைகளும் ஸ்பெயினில் வசித்தால், நீங்களும் அங்கேதான் வசிக்கிறீர்கள் என்ற அனுமானத்தோடு வரித்துறை தொடங்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. பாடகி ஷகீராவின் வழக்கு 2012 முதல் 2014 வரையிலான ஆண்டுகளைப் பற்றியது. அப்போது தன் வீடு பஹாமாஸில் என்றார் அவர். ஆண்டின் பாதிக்கு மேல் ஸ்பெயினில்தான் கழித்தார் என்றது அரசுத் தரப்பு. முதல் குழந்தை 2013 ஜனவரியில் பிறந்தது பார்சலோனாவில். 2023 நவம்பரில் விசாரணை தொடங்கிய நாளிலேயே சமரசத்துக்கு வந்து, 70 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார். சுற்றுப்பயணம், படப்பிடிப்பு என்று உலகம் சுற்றுகிறவருக்கே இந்தக் கதி.

இரண்டு நாடுகள் ஒரே ஆளுக்கு உரிமை கொண்டாடினால், அவற்றுக்கிடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. தயாரித்த மாதிரி ஒப்பந்தத்தில் உள்ள வரிசை இது: நிரந்தர வீடு எங்கே, அது இரண்டிலும் இருந்தால் வாழ்க்கையின் மையம் எங்கே, அதுவும் தெளியாவிட்டால் வழக்கமாகத் தங்குவது எங்கே, அதன் பிறகு குடியுரிமை. இரண்டாம் படியில் குடும்பம் வந்து நிற்கிறது, பாருங்கள். பிள்ளையின் பள்ளி, குடும்ப டாக்டர், சனிக்கிழமை நீச்சல் வகுப்பு எல்லாம் ஒரு நாட்டில் இருந்தால், உங்கள் வாழ்க்கையின் மையம் தொழிலோடு வேறு நாட்டில் இருக்கிறது என்று வாதாடுவது கடினம். வரியே இல்லாத சில நாடுகளுக்கு இத்தகைய ஒப்பந்தங்கள் மிகக் குறைவு. அப்போது இந்த வரிசைகூடத் துணைக்கு வராது.

பிரிட்டனில் ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. பிள்ளை அங்கே வசிப்பது முழுநேரப் படிப்புக்காக மட்டும் என்றால், பள்ளிப் பருவம் தவிர்த்த காலத்தில் பிள்ளை 21 நாளுக்குக் குறைவாகவே அங்கே இருந்தால், அது குடும்பப் பிணைப்பாக எண்ணப்படாது. விடுதிப் பள்ளியில் சேர்ப்பவர்கள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அப்படியானால் எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் வகைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகம், பஹாமாஸ், மொனாகோ போன்றவற்றில் தனிநபர் வருமான வரி கிடையாது. (மொனாகோவில் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. 1963 ஒப்பந்தப்படி அவர்கள் பிரான்சுக்கே வரி கட்ட வேண்டும்.) பனாமா, பராகுவே, கோஸ்டா ரிகா, ஹாங்காங் போன்றவை பொதுவாக உள்நாட்டில் ஈட்டியதற்கு மட்டும் வரி கேட்கும். மூன்றாவது வகை, வெளியிலிருந்து வருவோருக்குச் சில ஆண்டுகளுக்கு மட்டும் சலுகை தரும் ஐரோப்பிய நாடுகள்.

மூன்றாவது வகையில்தான் குடும்பங்கள் மயங்கும். நல்ல பள்ளி, நல்ல மருத்துவம், குறைந்த வரி எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் அரசு மாறினால் சலுகையும் மாறும். போர்ச்சுகல் 2009இல் தொடங்கிய பத்தாண்டுச் சலுகைத் திட்டத்தை 2024இல் புதியவர்களுக்கு மூடிவிட்டது. பிரிட்டனில் 200 ஆண்டுக்கும் மேலாக இருந்த 'நான்-டோம்' ஏற்பாடு (அங்கே வசித்தாலும் நிரந்தரத் தாயகம் வேறு என்பவரின் வெளிநாட்டு வருமானத்துக்குத் தரும் சலுகை) 2025 ஏப்ரலில் முடிந்து, புதிதாக வருவோருக்கு நான்கு ஆண்டுச் சலுகையாகச் சுருங்கியது. வெளிநாட்டு வருமானம் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரே தொகை கட்டும் இத்தாலியத் திட்டம் 2017இல் 1 லட்சம் யூரோவில் தொடங்கியது. 2024இல் புதிதாக வருவோருக்கு 2 லட்சமானது. தாய்லாந்து 2024 தொடக்கத்திலிருந்து, குடியிருப்பாளர்கள் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு, அது முந்தைய ஆண்டுகளில் ஈட்டியது என்றால் வரி இல்லை என்ற பழைய விலக்கை எடுத்துவிட்டது.

ஒரு பிள்ளையின் பள்ளிப் படிப்பு பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். சலுகைத் திட்டத்தின் ஆயுளையும் பிள்ளையின் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளையோடு பத்தாண்டுத் திட்டத்தில் சேர்ந்தால், பதினாறு வயதில், பொதுத்தேர்வு நேரத்தில் சலுகை முடியும். கிரீஸ், இத்தாலி ஆகியவற்றின் ஒரே-தொகைத் திட்டங்கள் 15 ஆண்டு. சைப்ரஸின் நான்-டோம் சலுகை 17 ஆண்டு. குடும்பத்துக்கு இந்த நீளம், வரி விகிதத்தைவிட முக்கியம்.

குறைந்தபட்சம் எத்தனை நாள் அங்கே இருக்க வேண்டும்?

அமீரகத்தில் 183 நாள். வசிப்பு அனுமதியும் நிரந்தர வீடோ வேலையோ இருந்தால் 90 நாளிலேயே வரிக் குடியிருப்பு உண்டு. சைப்ரஸில் சில நிபந்தனைகளோடு 60. இவை அந்த நாடு உங்களை ஏற்றுக்கொள்வதற்கான எண்கள் மட்டுமே. பழைய நாடு உங்களை விடுவதற்கான எண் வேறு.

பழைய நாட்டை விட்டுக் கிளம்பும்போது வரி வருமா?

பல நாடுகளில் வரும். கனடா, நீங்கள் கிளம்பும் நாளில் பெரும்பாலான சொத்துகளைச் சந்தை விலைக்கு விற்றுவிட்டதாகப் பாவித்து மூலதன ஆதாய வரி கேட்கும். கனடாவில் உள்ள வீடு, நிலம் போன்றவை இதில் சேராது. ஜெர்மனியில் ஒரு கம்பெனியில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவருக்கு இப்படி வரும். பிரான்ஸ், நார்வே, ஸ்பெயின் ஆகியவற்றிலும் வெவ்வேறு வடிவில் உண்டு.

கிளம்பிய பிறகும் பின்தொடரும் நாடுகள் சில இருக்கின்றன. சுவீடனில் நீண்ட காலம் வசித்தவர் வெளியேறினால், முதல் ஐந்து ஆண்டுக்கு முக்கியப் பிணைப்பு எதுவும் மிச்சமில்லை என்று அவரேதான் காட்ட வேண்டும். அங்கே விட்டுவந்த துணை, பிள்ளைகள், வீடு எல்லாம் பிணைப்புதான். ஸ்பானியக் குடிமகன் வரிப் புகலிடம் என்று ஸ்பெயின் கருதும் நாட்டுக்குப் போனால், போன ஆண்டும் அடுத்த நான்கு ஆண்டும் ஸ்பெயினின் வரிக் குடியிருப்பாளராகவே நீடிப்பார்.

அமெரிக்கக் குடிமகனுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்கா தன் குடிமக்களிடம் கணக்குக் கேட்கும். 12 மாதத்தில் 330 முழு நாள்கள் வெளிநாட்டில் இருந்தால், வேலை செய்து ஈட்டிய வருமானத்தில் ஒரு பகுதிக்கு (2025க்கு 1,30,000 டாலர்) விலக்கு உண்டு. வட்டி, ஈவுத்தொகை, பங்கு ஆதாயம் அதில் வராது. சுயதொழில் செய்வோருக்கு 15.3 சதவீத சமூகப் பாதுகாப்பு வரி பொதுவாகத் தொடரும்.

வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் அதற்கும் குடியுரிமை கிடைக்குமே, நல்லதுதானே?

பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா, கனடா போன்றவை மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தருகின்றன. அமெரிக்காவும் அப்படித்தான், ஆனால் அங்கே குடியுரிமையோடு வாழ்நாள் வரிக் கடமையும் சேர்ந்து வரும். 1964இல் நியூயார்க்கில் பிறந்து சிறுவயதிலேயே கிளம்பிவிட்ட போரிஸ் ஜான்சனுக்கு, லண்டன் வீட்டை விற்ற லாபத்துக்காக அமெரிக்க வரி வந்தது. கட்டிவிட்டு 2016இல் அந்தக் குடியுரிமையை விட்டார். பத்து மாதத்துக்குள் பிரசவம் என்றால் காப்பீட்டையும் பாருங்கள். பன்னாட்டு மருத்துவ பாலிசிகளில் பேறுகாலச் செலவுக்குப் பத்து, பன்னிரண்டு மாதக் காத்திருப்பு சகஜம்.

பிள்ளைகளின் படிப்பு?

சின்ன வயதில் சமாளிக்கலாம். எட்டு வயதுக் குழந்தை ஆண்டுக்கு ஒரு பள்ளி மாறினாலும் தப்பித்துவிடும், நண்பர்களை இழக்கும் வருத்தத்தை நீங்கள் கணக்கில் சேர்க்கத் தயாரென்றால். 14க்குப் பிறகு நிலைமை வேறு. பன்னாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற ஐ.ஜி.சி.எஸ்.இ. பொதுவாக இரண்டு ஆண்டுப் பாடம், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஐ.பி. டிப்ளோமாவும் இரண்டு ஆண்டு. நடுவில் மாறினால், புதிய பள்ளியில் அதே பாடங்கள், அதே தேர்வு வாரியம் இருந்தாக வேண்டும். ஆகவே 14 முதல் 18 வரை இடம் மாறாமல் இருப்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, மற்றத் திட்டங்களை அதைச் சுற்றிப் போடுங்கள்.

வீட்டிலேயே படிக்கவைக்கிறேன் என்பவர்கள் நாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் வசிக்கும் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். மறுத்த ஒரு குடும்பத்திலிருந்து நான்கு பிள்ளைகளைச் சில வாரம் பிரித்துவைத்ததை, 2019இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் தவறென்று சொல்லவில்லை. பிரான்சில் 2022 முதல் முன் அனுமதி வாங்க வேண்டும்.

கல்லூரியும் இந்தக் கணக்கில் உண்டு. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவர் கட்டணம் கிடைக்க, பொதுவாகப் படிப்பு தொடங்கும் முன் மூன்று ஆண்டு பிரிட்டனில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் போதாது. வரிக்காகப் பத்து ஆண்டு வெளியே இருந்து மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அந்தக் கட்டண வித்தியாசத்தில் போய்விடலாம்.

என் கம்பெனி வேறு நாட்டில் பதிவானது. அதற்கு என்ன?

கம்பெனியை எங்கிருந்து நடத்துகிறீர்களோ அங்கே அதற்கு வரி வரலாம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்து, அங்கேயே கையெழுத்தும் போட்டால், பதிவு எந்தத் தீவில் இருந்தாலும் நிர்வாகம் நடப்பது அந்த மேசை இருக்கும் நாட்டில்தான். அமீரகமும் 2023 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் கணக்காண்டுகளிலிருந்து, 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதக் கம்பெனி வரி போடுகிறது.

வரித்துறைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

வங்கி சொல்லும். ஓ.இ.சி.டி. 2014இல் வகுத்த சி.ஆர்.எஸ். (பொது அறிக்கையிடல் நெறி) ஏற்பாட்டில் 100க்கும் மேற்பட்ட நாடுகள் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. முதல் பரிமாற்றம் 2017இல் நடந்தது. கணக்குத் தொடங்கும்போது ஒரு படிவம் தருவார்கள். எந்த நாட்டின் வரிக் குடியிருப்பாளர், அங்கே உங்கள் வரி எண் என்ன என்று கேட்டிருக்கும். முதலீடு செய்து வசிப்பு அனுமதி வாங்கியவரிடம் இன்னும் சில கேள்விகள் வரலாம்: வேறெந்த நாட்டிலாவது போன ஆண்டு 90 நாளுக்கு மேல் இருந்தீர்களா? போன ஆண்டு எங்கே வரிக்கணக்குத் தாக்கல் செய்தீர்கள்? 2018இல் ஓ.இ.சி.டி. வங்கிகளுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகள் இவை. 'எங்கும் இல்லை' என்று எழுதினால், கணக்கு திறப்பதே பாடு.

ஓய்வூதியம்?

சிதறிப்போகும். பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 10 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும், முழுத் தொகைக்கு 35. அமெரிக்காவிலும் ஏறக்குறைய 10 ஆண்டு உழைப்பு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெவ்வேறு நாட்டு ஆண்டுகளைச் சேர்த்து எண்ணுவார்கள். இப்படிச் சேர்த்து எண்ண ஒப்பந்தம் இல்லாத நாடுகளில் கழித்த ஆண்டுகள் காற்றோடு போகலாம்.

கணவன், மனைவி பிரிய நேர்ந்தால்?

யாரும் கேட்க விரும்பாத கேள்வி. 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை 100க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை, மற்றப் பெற்றோரின் சம்மதமின்றி, அது வழக்கமாக வசிக்கும் நாட்டிலிருந்து கொண்டுபோனால், பொதுவாகத் திருப்பி அனுப்ப வேண்டும். பிள்ளை வழக்கமாக வசிக்கும் நாடு எது என்பதே நாடோடிக் குடும்பத்தில் வழக்காகிவிடும். வரிக்காக நீங்கள் தேர்ந்த நாட்டின் நீதிமன்றமே பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் நிலை வரலாம். அங்கே குடும்பச் சட்டம் எப்படி இருக்கிறது என்பதை இருவரும் சேர்ந்து முன்கூட்டியே விசாரித்துவையுங்கள்.

உண்மையில் யாருக்கு இது லாபம்?

சம்பளக்காரருக்கு அநேகமாக இல்லை. வருமானம் எங்கிருந்தும் வரக்கூடிய தொழில், அல்லது விரைவில் விற்கப்போகும் கம்பெனி வைத்திருப்பவருக்கு உண்டு. மிச்சமாகும் வரியை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கத்தில் பள்ளிக் கட்டணம் (ஒவ்வொரு முறை மாறும்போதும் சேர்க்கைக் கட்டணம்), நால்வருக்கான காப்பீடு, விமானச் செலவு, இரண்டு நாட்டு ஆடிட்டர் கட்டணம் ஆகியவை. அதற்குக் கீழே, பெரும்பாலானோர் எழுதாமல் விடும் செலவு ஒன்று: வாழ்க்கைத்துணை இழக்கும் சம்பளம். சார்ந்திருப்போர் விசாவில் வேலை செய்யும் உரிமை இல்லாத நாடுகள் பல. ஒருவரின் வரியைக் குறைக்க இன்னொருவரின் வருமானத்தையே பூஜ்யமாக்கிய குடும்பங்கள் உண்டு.

நாள்களை எப்படி எண்ணுவது? என்ன ஆவணம் வைத்துக்கொள்வது?

எண்ணும் முறை நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டன் பொதுவாக நள்ளிரவில் நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று பார்க்கும். ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் வெளிநாட்டுப் பார்வையாளர் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற விதியில், நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் முழு நாள்களே. அமெரிக்காவுக்கு ஒரு நாளின் சிறு பகுதியும் ஒரு நாள்தான். எனவே குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும். மனைவி இருந்த நாள்களும் உங்கள் கணக்கில் செல்வாக்குச் செலுத்தும். போர்டிங் பாஸ், வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, பள்ளிச் சேர்க்கைப் படிவம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். பள்ளிப் படிவத்தில் வீட்டு முகவரி என்று எதை எழுதினீர்கள் என்பதைக் கவனியுங்கள். வரிக்கணக்கில் ஒரு நாடும் பள்ளிப் படிவத்தில் இன்னொரு நாடும் இருந்தால், விசாரணை அங்கேதான் தொடங்கும்.

ஒரே ஆலோசகர் போதுமா?

போதாது. நீங்கள் விட்டுப்போகும் நாட்டில் ஒருவர், போய்ச்சேரும் நாட்டில் ஒருவர். முதலில் பார்க்க வேண்டியது விட்டுப்போகும் நாட்டுக்காரரை, கிளம்பும் தேதியைக் குறிக்கும் முன்பே. கம்பெனிப் பங்குகளை எப்போது விற்பது, வீட்டை வாடகைக்கு விடுவதா விற்பதா, பிள்ளை பள்ளியாண்டின் நடுவில் வருமா முடிந்து வருமா என்பவற்றைக் கிளம்பிய பிறகு மாற்ற முடியாது. வசிப்பு அனுமதியை விற்கும் முகவர் தரும் வரி ஆலோசனையை, வீட்டுத் தரகர் சொல்லும் வாஸ்துவைப் போலக் கேட்டுக்கொள்ளுங்கள். பதில்களை எழுத்தில் வாங்குங்கள். கேள்விக் கடிதத்தில் மனைவியும் பிள்ளைகளும் எங்கே இருப்பார்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.